எஞ்சின் ஆறும் வரை

இல்லை, அண்ணா இந்த இடத்தில் அக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கமாட்டான். மூன்றாவது கியரிலேயே திருப்புவான். மதிலில் மோதப்போகிறது என்று பக்கத்தில் இருப்பவர் கண்ணை மூடும்போதுதான் பிறேக்கைத் தொடுவான். அம்மாவுக்கு அந்தச் சத்தம் மனப்பாடம். நான் இப்படிப் பயந்து பயந்து ஊர்ந்தால் கண்டுபிடித்துவிடுவா.

இப்படி நினைத்துக்கொண்டே றேணுகா காலை எடுத்தாள். ஜம்பட்டா வீதியிலிருந்து பிரிகிற அந்த ஒடுங்கிய ஒழுங்கைக்குள் சிவப்பு நிறச் சின்னக் கார் விக்கி விக்கி நுழைந்தது.

ஒழுங்கையின் கடைசி வீடுதான் அம்மாவுடையது. பழைய ஓட்டு வீடு. துறைமுகத்துக் காற்று ஜன்னல் கம்பிகளை அரித்துச் செதில் செதிலாக்கியிருந்தது. அந்த ஜன்னலுக்கு உள்ளே அம்மாவின் கட்டில். றேணுகா ஜன்னலுக்கு நேரே காரை நிறுத்தி, ஹேண்ட் பிறேக்கை இழுத்து, சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிக் கதவைப் பூட்டினாள்.

எஞ்சின் நிற்கவில்லை.

நிற்கக்கூடாது. டர்போ வைத்த எஞ்சினை ஓடிவந்த சூட்டோடு நிறுத்தினால் பழுதாகிவிடும், கொஞ்ச நேரம் சும்மா ஓடி ஆற வேண்டும் என்று அண்ணா றொஹான் சொல்லுவான். அதற்கென்று ஒரு சின்னப் பெட்டியைப் பூட்டி வைத்திருந்தான். சாவியை எடுத்துக்கொண்டு போனாலும் எஞ்சின் தன்பாட்டில் ஓடி, ஆறி, தானாக அடங்கும்.

அவளுக்கு வேண்டியதும் அதுதான். வாசல் படலையைத் திறந்து, சத்தமில்லாமல் சாத்தி, உள்ளே போய் அம்மாவின் பக்கத்தில் நிற்கும்போது வெளியே எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் காருக்குள் யாரோ இருப்பதாகத் தோன்றும்.

"றொஹானோ?" அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக் கேட்டார். சீனி வருத்தம் என்கிற நீரிழிவு அவருடைய கண்களை எப்போதோ கொண்டுபோய்விட்டது.

"ஓம் அம்மா. ஃபோனில கதைச்சுக்கொண்டிருக்கிறான். இப்ப வருவான்."

யூஜினா அறை வாசலில் நின்று றேணுகாவைப் பார்க்காமல் தன் கைகளைப் பார்த்தாள். அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன் மகள் அவள், அம்மாவோடேயே இருந்து பார்த்துக்கொள்பவள். கார் வருவதற்குச் சற்று முன்பு நித்திரை மருந்தைக் கொடுத்துவிடுவதும் அவள் வேலை. அம்மாவின் இமைகள் ஏற்கெனவே கனத்திருந்தன.

வெளியே எஞ்சின் அடங்கியது.

"அவனுக்கு என்ன நடந்தது?" அம்மா நித்திரைக்குள் சரிந்துகொண்டே கேட்டார். "பயந்தவன் மாதிரி ஓட்டுறான். முந்தி அப்பிடி இல்லையே. ஏதும் சுகமில்லையோ?"

"ஒழுங்கைக்குள்ள பிள்ளையள் விளையாடுதுகள் அம்மா. அதான்."

அம்மா விழிக்கும்போது, றொஹான் வந்து கையைப் பிடித்துக்கொண்டு இருந்தான், நித்திரையைக் குழப்ப வேண்டாமென்று எழும்பிப் போய்விட்டான் என்று யூஜினா சொல்லுவாள். ஞாயிற்றுக்கிழமைகள் இப்படித்தான் போய்க்கொண்டிருந்தன.

மழை தொடங்கிய மாதத்திலேயே றொஹான் இறந்துபோயிருந்தான்.

முதலில் சும்மா காய்ச்சல் என்றான். பாமன்கடையில் தன் அறையில் படுத்துக்கொண்டு, வேலைக்குப் போகாத சந்தோஷத்தில் இருந்தான். றேணுகா வெள்ளவத்தையிலிருந்து பப்பாசி இலையை இடித்துச் சாறு பிழிந்து கொண்டுபோய்க் கொடுத்தாள். "உதைக் குடிச்சுச் சாகிறதை விட டெங்குவிலயே சாகலாம்" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு குடித்தான். பிறகு களுபோவில ஆஸ்பத்திரி. அங்கே செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்தார்கள். கடைசியாக அவன் தெளிவாகப் பேசியது காரைப் பற்றித்தான். "சும்மா போட்டு வைக்காதை றேணு. கிழமைக்கு ஒருக்கா எண்டாலும் ஓட்டு."

பிறெடி மாமா ஆஸ்பத்திரி விறாந்தையில் வைத்து அவளுடைய தோளைப் பிடித்தார். அம்மாவின் தம்பி. துறைமுகத்தில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர், எந்தச் சாவீட்டிலும் சிரிக்கவைக்க ஒரு பகிடியாவது விடாமல் போகாதவர். அன்றைக்கு அவருடைய குரலே வேறாக இருந்தது.

"அக்காவுக்குச் சொல்லேலாது பிள்ளை. அவவின்ர நெஞ்சுக்கு அதிர்ச்சி ஒண்டும் ஆகாதெண்டு டொக்டர் சொன்னவர்தானே. ஒண்டில ஒரு சவப்பெட்டி, இல்லாட்டி ரெண்டு சவப்பெட்டி. நீயே சொல்லு."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதே சம்மதமாகிவிட்டது.

ஆகவே றொஹானின் உடல் அம்மாவின் கொட்டாஞ்சேனை வீட்டுக்கு வரவில்லை. பொரளையில் சாவுச் சடங்குக்கான ஒரு மலர்ச்சாலையில் கிடத்தி அங்கிருந்தே கனத்தை மயானத்துக்குக் கொண்டுபோனார்கள். ஒழுங்கையில் சாவுக்குக் கட்டும் வெள்ளைக் கொடி கட்டவில்லை. அயலவர் எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் அம்மாவிடம் வாய் திறக்கவில்லை. இறந்தவனுக்கான பூசையிலும் பெயரை வாசிக்க வேண்டாம் என்று மாமா பங்குச் சுவாமியிடம் போய்க் கேட்டுக்கொண்டார், அம்மா பூசையை ஃபோனில் கேட்பவர் என்பதால். பெயர் இல்லாத ஒருவனுக்காக எல்லாரும் முழங்காலில் நின்று செபித்தார்கள்.

அன்றைக்கு அது அன்பாகத்தான் தெரிந்தது.

ஆனால் ஞாயிறு வந்ததும் அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிவைத்துக் காத்திருந்தார். சாப்பிடவில்லை. மருந்து குடிக்கவில்லை. மாமா ஃபோனில் எங்கேயோ தேடி அதே மாதிரி காரின் சத்தத்தை எடுத்து, ஜன்னலுக்கு வெளியே பிடித்துப் பார்த்தார். "ஆரப்பா ரேடியோ போடுறது? நிப்பாட்டச் சொல்லு" என்றார் அம்மா. மாமா மதிலோரம் குந்தியிருந்து சிரித்தார், பிறகு அழுதார்.

அதற்குப் பிறகுதான் றேணுகா சாவியை எடுத்தாள்.

அவள் அதுவரை ஓட்டியது வேலைத்தலத்தின் பழைய ஓட்டோ கார், கியர் மாற்றத் தேவையில்லாதது. மிதித்தால் நகரும், விட்டால் நிற்கும். சொன்ன சொல் கேட்கிற, அலுப்பான, நல்ல கார். றொஹானின் கார் அதைவிடச் சின்னது. தரையோடு ஒட்டிக் கிடக்கும். இரண்டே இருக்கைகள், ஓட்டுபவருக்கு ஒன்று, கூடப் போகிறவருக்கு ஒன்று. மூன்றாவது ஆளுக்கு இடம் வைக்க அதைச் செய்தவர்கள் நினைக்கவே இல்லை. சின்ன வயதிலிருந்தே அண்ணாவும் அம்மாவும் இருக்கிற இடத்தில் தனக்கு இப்படித்தான் இருந்தது என்று ஒருமுறை அவளுக்குத் தோன்றியது. அப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டாள்.

"உது கார் இல்லைப் பிள்ளை" என்றார் மாமா, முதல்நாள் பக்கத்து இருக்கையில் முழங்கால் நாடியில் இடிக்க மடங்கி உட்கார்ந்துகொண்டு. "எங்கட யூஜினா மாதிரி. ஒண்டைச் சொன்னால் முதல் பேசாமல் நிக்கும். சரி, கேக்கேல்லைப் போல எண்டு திருப்பிச் சொன்னாயோ, அவ்வளவுதான், பாயும்."

அவர் சொன்னது சரி. வெள்ளவத்தையில் சிக்னல் பச்சையானதும் அவள் மிதித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் மிதித்தாள். ஒரு கணம் எல்லாம் அமைதியாக இருந்தது. பிறகு முன்னால் ஒரு மெல்லிய விசில் எழுந்தது, முதுகில் யாரோ இரண்டு கையாலும் தள்ளியதுபோல் கார் பாய்ந்தது. முன்னால் நின்ற திறீவீலுக்கு ஒரு சாண் இடைவெளியில் நிறுத்தினாள். "நங்கி, பிஸ்ஸுத?" என்று திறீவீல்காரன் தலையை வெளியே போட்டு, தங்கச்சிக்குப் பைத்தியமா என்று சிங்களத்தில் கத்தினான்.

"ஓம் அய்யே, கொஞ்சம் பிஸ்ஸுதான்" என்று மாமா அவளுக்காகப் பதில் சொன்னார். மரீன் டிரைவுக்குத் திரும்பும் முன்பே, மாதாவுக்கு நேர்த்தி வைத்துவிட்டு இறங்கிக்கொண்டார்.

அதன்பிறகு அவள் தனியாகப் பழகினாள். வேலை முடிந்து வந்ததும், வெளிச்சம் மங்கும் நேரத்தில், ஒரு பக்கம் தண்டவாளமும் கடலும் மறுபக்கம் மாடி வீடுகளுமாக நீளும் மரீன் டிரைவில் ஓட்டினாள். கிளச்சை எங்கே விடுவது, ஊசி எவ்வளவு ஏறும்போது கியரை மாற்றுவது, காலை எடுக்கும்போது எஞ்சின் விடுகிற அந்தப் பெருமூச்சு எந்த அளவு இருக்க வேண்டும். எல்லாம் காதால்தான் பழகினாள். அம்மா கேட்பதுபோல் தானும் கேட்கப் பார்த்தாள்.

ஆகக் கடினமாக இருந்தது அந்த இடைவெளிதான். மிதிப்பதற்கும் பாய்வதற்கும் நடுவில் வருகிற அந்த ஒரு கணம். அதில் கார் அவளுடையதும் இல்லை, யாருடையதும் இல்லை. மிதித்தாகிவிட்டது, திரும்ப எடுக்க முடியாது. ஆனால் இன்னும் எதுவும் நடக்கவில்லை. ஆஸ்பத்திரி விறாந்தையில் அவள் பேசாமல் நின்றதும் இப்படி ஒரு கணத்தில்தான்.

அந்த இடைவெளிக்குள் ஒருநாள் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

அவள் காலை எடுத்தாள். கார் தடுமாறி ஓரத்தில் நின்றது. ரயில் ஒன்று பாணந்துறைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. காற்றாக இருக்கும் என்று நினைத்தாள். கண்ணாடி ஏற்றித்தான் இருந்தது.

அடுத்த ஞாயிறு வந்து ஏறியபோது கால் கிளச்சுக்கு எட்டவில்லை. இருக்கை பின்னால் தள்ளப்பட்டிருந்தது, நீண்ட கால்களுக்கு ஏற்றபடி. பின்பார்க்கும் கண்ணாடியில் பின்பக்கத்துக்குப் பதிலாகக் கூரை தெரிந்தது. அவள் இருக்கும் மாடிவீட்டின் கீழ்த்தளத்தில் பூட்டி வைத்த கார். சாவி அவளுடைய கைப்பையில்.

இருக்கையை முன்னுக்கு இழுத்தாள். கண்ணாடியைத் திருப்பினாள். காருக்குள் பச்சையாக, கசப்பாக ஒரு மணம் இருந்தது. அவளுக்கு அது என்ன மணம் என்று உடனே தெரிந்தது. அந்த மணம் அவளுடைய விரல்களிலிருந்து போவதற்கே எவ்வளவு நாள் எடுத்தது.

பப்பாசி இலை.

கொட்டாஞ்சேனைத் திருப்பத்தில் அவளுடைய கால் எழ மறுத்தது.

மூன்றாவது கியர். மதில் பெரிதாகி வந்தது. கியரின் மேல் இருந்த அவளுடைய இடது கையை, மேலிருந்து இன்னொரு கனம் மெதுவாக அழுத்தியது. வலிக்கவில்லை. சைக்கிள் பழக்கியபோது அவன் ஹேண்டிலில் அவள் கைமேல் கை வைத்ததைப்போல் இருந்தது. பிறேக். திருப்பம். கார் ஒரு நூல் இழுத்ததுபோல் வளைந்து ஒழுங்கைக்குள் வழுக்கி, ஜன்னலுக்கு நேரே வந்து பெருமூச்சுவிட்டு நின்றது.

அவள் அழுதுகொண்டிருந்தாள். பயத்தினால் மட்டும் இல்லை.

உள்ளே அம்மாவின் முகம் திறந்திருந்தது. எந்த நாளும் காணாத ஒரு வெளிச்சம் அதில். அண்ணா வருகிறபோதெல்லாம் அம்மாவின் முகம் இப்படித்தான் இருந்திருக்கிறது போலும். அந்த நேரங்களில் றேணுகா குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருப்பாள். தான் பஸ்ஸில் வந்து இறங்கி நடந்து வருகிறபோது இந்த முகம் எப்படி இருந்தது என்று நினைவுபடுத்திப் பார்த்தாள். நினைவு வரவில்லை.

"இண்டைக்குத்தான் அவன் ஓட்டினவன்" என்றார் அம்மா.

வெளியே எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. யூஜினா மருந்துக் குவளையைக் கழுவிவிட்டு வந்தாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா நித்திரையாகிவிட்டார்.

எஞ்சின் அடங்கவே இல்லை.

"றேணு" யூஜினா மெதுவாகக் கேட்டாள். "சாவி?"

றேணுகா உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

அப்போது வெளியே ஒருமுறை விசில் ஏறி, இறங்கியது. போயிட்டு வரட்டா என்று கேட்பதற்கு அவன் அப்படித்தான் உறுமவிடுவான். நித்திரையில் கிடந்த அம்மா சிரித்தார்.

புதன்கிழமை வேலைத்தலத்துக்கு யூஜினா ஃபோன் எடுத்தாள். குரலை உள்ளங்கையால் மூடிக்கொண்டு பேசுவது தெரிந்தது.

"நீ ஏன் இண்டைக்கு வந்தனீ? சொல்லிப்போட்டு வாறதுதானே."

"நான் வரேல்லை யூஜினாக்கா. கந்தோரில நிக்கிறன்."

மறுமுனையில் யூஜினாவின் குரல் இன்னும் தணிந்தது.

"அப்ப ஆர் பிள்ளை கார் கொண்டு வந்தது? நான் எட்டிப் பாத்தனான். ஒழுங்கையில ஒண்டும் இல்லை. ஆனா சத்தம் ஜன்னலடியில நிக்குது. இப்பவும் நிக்குது. மாமி கட்டில்ல இருந்து கதைச்சுக்கொண்டிருக்கிறா. ஒரு வார்த்தை சொல்லுறா, பிறகு பேசாமல் இருந்து கேக்கிறா, பிறகு சிரிக்கிறா. எனக்கு அறைக்குள்ள போக ஏலாமல் கிடக்கு."

றேணுகா அரை நாள் லீவு போட்டுவிட்டு வெள்ளவத்தைக்கு ஓடினாள். கீழ்த்தளத்தில் கார் விட்ட இடத்திலேயே நின்றது. மேலே தூசி. அவள் முன்மூடியில் கையை வைத்தாள்.

சுட்டது.

பிறெடி மாமாவிடம் சொன்னபோது அவர் சிரிக்கப் பார்த்தார். "பேய்க்கு லைசன்ஸ் ஆர் குடுத்தது?" என்றார். பிறகு சொன்னார்: "அவனை வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கோணும் பிள்ளை. ஒரு மணித்தியாலம் எண்டாலும் அந்த ஹோலில வைச்சிருக்கோணும். செத்த வீட்டில அழுகிற சத்தம் கேட்டால்தானே அவனுக்கும் விளங்கும். நான்தான் மறிச்சனான்."

"நானும் பேசாமல்தான் நிண்டனான் மாமா."

"காரை வித்துப்போடுவம்."

விற்றால் அவன் எதில் வருவான், எங்கே நிற்பான் என்று அவள் யோசித்தாள். அப்படி யோசித்தது அவளுக்கே பயமாக இருந்தது. வேண்டாம் என்று தலையாட்டினாள். அம்மா இப்போது நன்றாகச் சாப்பிடுகிறார் என்பதும் உண்மை. ஆனால் உடம்பு சாப்பாட்டை வாங்கிக்கொள்ளவில்லை. யூஜினா தூக்கி உட்காரவைக்கும்போது ஒவ்வொரு நாளும் பாரம் குறைந்துகொண்டே வந்தது. கை ஜில்லென்று இருந்தது. காய்ச்சலே இல்லாமல், முன்கையில் சிவப்புப் புள்ளிகள் பரவியிருந்தன. றேணுகாவுக்கு அந்தப் புள்ளிகளைத் தெரியும். ஆஸ்பத்திரியில் வெள்ளைப் போர்வைக்கு மேல் கிடந்த அண்ணாவின் கையில் பார்த்திருக்கிறாள்.

அடுத்த ஞாயிறு அவள் காரை எடுக்கவில்லை. பஸ்ஸில் போனாள்.

நல்ல மழை. பின்னேரமே வானம் கறுத்து, கரண்டும் போயிருந்தது. கொட்டாஞ்சேனையில் இறங்கியபோது லூசியாள் கோயில் மணி மழைக்குள் எங்கேயோ ஆழத்தில் அடித்தது. ஒழுங்கையில் யாரும் இல்லை. மழைநீர்க் கான் நிரம்பி, தண்ணீர் வாசற்படியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

கடைசி வீட்டுக்கு முன்னால் சிவப்புக் கார் நின்றது.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடிகள் உள்ளிருந்து மூச்சுப் பட்டதுபோல் ஆவி படிந்திருந்தன. ஓட்டுகிற பக்கக் கதவு மூடியிருந்தது.

மற்றக் கதவு திறந்திருந்தது.

மழை அந்த இருக்கையில் விழவில்லை.

வாசலில் யூஜினா செபமாலையோடு நின்றாள். வாய் அசைந்துகொண்டிருந்தது, சத்தம் வரவில்லை. றேணுகா அவளைத் தாண்டி உள்ளே போனாள்.

அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். எத்தனையோ மாதமாகத் தனியே எழும்ப முடியாத அம்மா. பூசைக்குப் போகிற நீலச் சேலையைத் தானே உடுத்திருந்தார். கொசுவம் கோணலாக இருந்தது. காலில் செருப்பு. மெழுகுதிரி வெளிச்சத்தில் முகம் காகிதம் போல் வெளுத்து, ஆனால் அமைதியாக இருந்தது.

"வந்திட்டியா? நல்லது" என்றார். "யூஜினா பயந்து சாகிறாள். நீ வந்து கையைப் பிடி. கார் வரைக்கும் போகோணும்."

"எங்க அம்மா?"

"அவன் வந்து நிக்கிறான்."

இதற்கு மேல் முடியாது. றேணுகா ஈரச் சேலையோடு அம்மாவின் முன்னால் முழங்காலில் இருந்தாள். அந்த வீட்டுக்குள் ஒருவரும் உரத்துச் சொல்லாத வார்த்தைகளைச் சொன்னாள்.

"அண்ணா செத்துப்போட்டான் அம்மா. றொஹான் செத்துப்போட்டான். மழை தொடங்கேக்க. டெங்கு. நாங்கள் உங்களுக்குச் சொல்லேல்லை. உங்களுக்கு மட்டும் இல்லை, இந்த வீட்டுக்கே சொல்லேல்லை."

அவள் அம்மாவின் நெஞ்சைப் பார்த்தாள். நின்றுவிடும் என்று காத்திருந்தாள். அது ஏறி, இறங்கியது. மறுபடி ஏறியது.

வெளியே எஞ்சினின் சத்தம் ஒருமுறை தடுமாறியது.

அம்மாவின் கை தடவித் தடவி வந்து அவளுடைய நனைந்த தலையைக் கண்டுபிடித்தது.

"எனக்குத் தெரியும் மகள்."

"எப்ப இருந்து?"

"முதல் ஞாயிறே. அவன் வந்தால் படலையை உதைஞ்சுபோட்டு வருவான். நீ திறந்து, பிடிச்சு, சத்தம் வராமல் சாத்துவாய். பள்ளிக்கூடம் போகேக்கையே அப்பிடித்தான். காரை அவன்ர மாதிரி ஓட்டலாம். படலையை என்னெண்டு மாத்துவாய்? கார்ச் சத்தம் நிண்டு, பிறகு படலைச் சத்தம் கேக்காமல் இருக்கேக்க எனக்கு விளங்கிச்சு. மகள்தான் வந்திருக்கிறாள், மகன் இல்லை எண்டு."

அம்மா இதையெல்லாம் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறார். சத்தம் வராமல் சாத்தியதைக் கூடக் கேட்டிருக்கிறார். றேணுகா அம்மாவின் மடியில் முகத்தை வைத்தாள். இவ்வளவு வருடமும் தான் வந்த சத்தம் யாருக்கும் கேட்டதில்லை என்று அவள் நினைத்திருந்தாள்.

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"நீ கஷ்டப்பட்டு ஓட்டிக்கொண்டு வாறாய். நான் என்னெண்டு சொல்லுறது?" அம்மாவின் விரல்கள் அவளுடைய கூந்தலில் இருந்த தண்ணீரை மெல்லப் பிழிந்தன. "பிறகு, அண்டைக்கு ஒருநாள், அவன் உண்மையா வந்தான். பாவம். ஒருத்தரும் அவனுக்குச் சொல்லேல்லைப் போல. வீட்டுக்கும் கொண்டு வரேல்லை, பேர் சொல்லிப் பூசையும் இல்லை. அவன் எங்க போறது? தனியப் போகப் பயப்பிடுறான். சின்னனிலையும் இருட்டெண்டால் என்ர சேலையைப் பிடிச்சுக்கொண்டுதான் நடப்பான். என்னைக் கூட்டிக்கொண்டு போறானாம். கார் வரைக்கும் பிடிச்சுக்கொண்டு போய் விடு பிள்ளை. அது காணும்."

மெழுகுதிரிச் சுடர் ஒருபக்கமாகச் சாய்ந்தது. பச்சைக் கசப்பு மணம் அறைக்குள் வந்தது. அம்மாவின் கை அவளுடைய தலையை விட்டு எழும்பி, காற்றில், இன்னொருவர் நீட்டிய கையைத் தேடுவதுபோல் முன்னால் போனது.

இவர்கள் இரண்டு பேரும் போவார்கள். மழைக்குள் அந்தத் திருப்பத்தை மூன்றாவது கியரில் எடுத்துக்கொண்டு போவார்கள். நான் தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் நிற்பேன். அண்ணாவுக்குப் பயம் போய்விடும். அம்மாவுக்கும் நோவு இராது. யாருக்குமே குற்றம் இல்லை. நான் ஒரு கையைப் பிடித்துவிட்டால் போதும்.

ஆஸ்பத்திரி விறாந்தையில் இப்படித்தான் எல்லாமே நியாயமாகத் தெரிந்தது.

றேணுகா குனிந்து அம்மாவின் ஒரு காலைத் தூக்கி, செருப்பைக் கழற்றினாள். பிறகு மற்றதை. பாதங்கள் ஐஸ்போல் குளிர்ந்திருந்தன. இரண்டையும் தன் உள்ளங்கைகளுக்குள் வைத்துத் தேய்த்தாள்.

"என்ன செய்யிறாய்?" என்றார் அம்மா.

"நான் கூட்டிக்கொண்டு போகமாட்டன் அம்மா."

"அவன் பாவம், றேணு."

"ஓம். நானும்தான்."

வெளியே எஞ்சின் உயர்ந்தது. விசில் ஏறி ஏறி, ஜன்னல் கம்பிகள் நடுங்கி, செதில்கள் தரையில் உதிர்ந்தன. யூஜினாவின் செபம் இப்போது சத்தமாகக் கேட்டது. பிறகு அந்த நீண்ட பெருமூச்சு. அதன்பின் மழை மட்டும்.

கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. படலை உதைபட்டுத் திறந்தது. ஹோலில் ஈரக் கால்கள், அவசரமில்லாமல், வழி தெரிந்தவனுடைய கால்கள்.

அறைக்குள் யாரும் வரவில்லை. ஆனால் அம்மாவின் மறுபக்கத்தில் மெத்தை மெதுவாகப் பதிந்தது, ஒரு ஆள் இருக்கும் அளவுக்கு. விரிப்பில் ஈரம் வட்டமாகப் பரவியது. அம்மாவின் இடது கை தானாக எழுந்து, அந்தப் பக்கமாக இழுபட்டது.

றேணுகா பாதங்களை விடவில்லை. நிமிர்ந்து, வெறுமையாகத் தெரிந்த அந்த இடத்தைப் பார்த்தாள். அண்ணாவின் முகம் எங்கே இருக்குமோ அந்த உயரத்தில் பார்த்தாள்.

"நீ இரு. எவ்வளவு நேரமெண்டாலும் எங்களோட இரு" என்றாள் மெதுவாக. "அம்மாவைத் தரமாட்டன், அண்ணா."